‘வேண்டாம்’ என்பதற்கு எங்கே இடம்?

ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில், ககாடு தேசியப் பூங்கா சுற்றிலும் சூழ்ந்திருக்க, ஜாபிலுகா என்று ஓர் இடம் இருக்கிறது. உலகின் பெரிய யுரேனியப் படிவுகளில் ஒன்று அங்கே மண்ணுக்கடியில் கிடக்கிறது. அதைத் தோண்டும் குத்தகை ‘எனர்ஜி ரிசோர்சஸ் ஆஃப் ஆஸ்திரேலியா’ என்ற நிறுவனத்தின் கையில் இருந்தது. அதன் பெரும்பான்மைப் பங்கு, உலகின் முன்னணிச் சுரங்க நிறுவனங்களில் ஒன்றான ரியோ டின்டோவிடம். குத்தகை கையில் இருந்தும் 2005-இல் அந்நிறுவனம் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட்டது: அந்த நிலத்துக்கு உரிய மிரார் மக்கள் சம்மதிக்காதவரை ஜாபிலுகாவில் சுரங்க வேலை நடக்காது.

அதே நாட்டின் மேற்கில், இரும்புத்தாதுக்குப் பெயர்போன பில்பராவில், 2020 மே 24 அன்று ஜூகன் பள்ளத்தாக்கின் பாறைக் குகைகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் அங்கே தங்கியதற்குத் தடயம் இருந்தது. தகர்த்தது ரியோ டின்டோ. அங்கேயும் ஒப்பந்தம் இருந்தது. பூட்டு குந்தி குர்ராமா, பினிகுரா என்ற இரு பூர்வகுடி மக்கள் 2011-இல் அந்நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம் அது.

ஒரே நிறுவனம்தான். இரண்டு இடங்களிலும் பூர்வகுடிகள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள், கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஓரிடத்தில் காகிதம் நிலத்தைக் காத்தது. மற்றோரிடத்தில் அதே வகைக் காகிதம் நிலம் அழிவதற்கு வழிவிட்டது. இந்த வேறுபாட்டை நிறுவனத்தின் நல்லெண்ணத்தை வைத்தோ பேசியவர்களின் சாமர்த்தியத்தை வைத்தோ விளக்க முடியாது. பேச்சு தொடங்கும் முன்பே அதன் முடிவில் பெரும்பங்கு தீர்மானமாகிவிடுகிறது. ‘வேண்டாம்’ என்று அந்த மக்கள் சொன்னால் இயந்திரம் நிற்குமா, நிற்காதா? நிற்கும் என்றால் அது பேச்சுவார்த்தை. நிற்காது என்றால் அது, நடக்கப்போவதை முன்கூட்டியே தெரிவிக்கும் ஒரு சடங்கு. ஆஸ்திரேலியாவின் அரை நூற்றாண்டு அனுபவத்தைப் படித்ததில் எனக்குக் கிடைத்த முடிவு இதுதான்.

கண்டமே புறம்போக்கு

பிரிட்டிஷார் ஆஸ்திரேலியாவில் குடியேறியபோது அதை எவருக்கும் உரிமையில்லாத நிலமாகக் கருதினார்கள். நம் வருவாய்த்துறை மொழியில் சொன்னால், ஒரு கண்டம் முழுவதும் புறம்போக்கு. பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே வாழ்ந்தவர்களுக்குப் பட்டா இல்லை. பட்டா கேட்கும் உரிமையும் இல்லை.

1963-இல் ஆர்ன்ஹெம் நிலத்தில் கோவ் தீபகற்பத்தின் ஒரு பகுதியை, அங்கு வாழ்ந்த யோல்ங்கு மக்களிடம் கேட்காமலே அரசு பாக்சைட் சுரங்கத்துக்கு ஒதுக்கியது. யிர்காலா என்ற ஊரைச் சேர்ந்த அம்மக்கள் மரப்பட்டையில் தங்கள் குல ஓவியங்களைத் தீட்டி, நடுவில் தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்த மனுவை ஒட்டி நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். ஓவியம் அவர்களுக்குப் பத்திரம். எந்த நிலம் எந்தக் குலத்துக்கு உரியது என்று அது சொல்லும். சுரங்கம் நிற்கவில்லை. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 1971-இல் நீதிபதி பிளாக்பர்ன் தீர்ப்பளித்தார். யோல்ங்கு மக்களிடம் நுட்பமான சட்ட ஒழுங்கு இருக்கிறது என்பதை அவர் ஏற்றார். ஆனால் அது ஆஸ்திரேலியச் சட்டம் அறிந்த சொத்துரிமை ஆகாது என்று வழக்கைத் தள்ளினார்.

அந்த வழக்கில் யோல்ங்கு மக்களுக்காக வாதாடிய எட்வர்ட் உட்வர்டைத்தான், நில உரிமை எப்படி வழங்கலாம் என்று ஆராயும் ஆணையத்துக்கு அரசு பிறகு தலைவராக நியமித்தது. 1974-இல் அவர் தந்த அறிக்கையின் மையக் கருத்து நேரடியானது: சுரங்கத்தைத் தடுக்கும் உரிமையைத் தராமல் நிலவுரிமை தந்ததாகச் சொன்னால், அந்த நிலவுரிமை மெய்யானதாக இருக்காது. இந்தக் கருத்தின் மேல்தான் 1976-ஆம் ஆண்டின் வட பிரதேச நில உரிமைச் சட்டம் எழுந்தது. அதன்கீழ் பூர்வகுடி நிலத்தில் கனிமம் தேட வரும் நிறுவனம் முதலில் அங்குள்ள நில மன்றத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். மன்றம் அந்த நிலத்துக்கு உரியவர்களைக் கூட்டி, அவர்களின் மரபுப்படி அவர்கள் எடுக்கும் முடிவைக் கேட்க வேண்டும். அவர்கள் மறுத்தால் விண்ணப்பம் நின்றுவிடும். இன்றைய விதிப்படி ஒருமுறை மறுத்துவிட்டால் ஐந்தாண்டுகளுக்கு அந்தப் பேச்சை எடுக்க முடியாது.

நாட்டின் மற்ற பகுதிகளுக்கு விடிவு தாமதமாக வந்தது. டோரஸ் நீரிணையில் உள்ள மெர் தீவைச் சேர்ந்த எடி கோய்கி மாபோவும் அவருடைய ஊராரும் பத்தாண்டு நடத்திய வழக்கில், 1992 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம் ‘எவருக்கும் உரிமையில்லாத நிலம்’ என்ற கொள்கையைக் கைவிட்டது. மாபோ அந்தத் தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லை. அதே ஆண்டு ஜனவரியில் இறந்திருந்தார். மறு ஆண்டே பூர்வீக உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் சுரங்கத்தைப் பொறுத்தவரை 1976-இன் சட்டத்துக்கும் 1993-இன் சட்டத்துக்கும் இடையே ஒரு பள்ளம் விழுந்தது. முந்தையது மறுக்கும் உரிமையைத் தந்தது. பிந்தையது பேச்சு நடத்தும் உரிமையை மட்டும் தந்தது.

சம்மதம் கேட்காத சம்மதம்

மறுப்புரிமை இல்லாத பேச்சு எப்படி இருக்கும் என்பதை மிரார் மக்கள் முன்பே அனுபவித்திருந்தார்கள். ஜாபிலுகாவுக்குத் தெற்கே ரேஞ்சர் என்ற யுரேனியப் படிவு இருக்கிறது. அதைத் தோண்டலாமா என்று ஆராய 1975-இல் நீதிபதி ஃபாக்ஸ் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அந்த நிலத்துக்கு உரியவர்கள் சுரங்கத்தை எதிர்க்கிறார்கள் என்று குழு தன் அறிக்கையில் பதிவு செய்தது. அந்த எதிர்ப்பே முடிவைத் தீர்மானித்துவிடக் கூடாது என்றும் அதே அறிக்கை சொன்னது. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ரேஞ்சருக்கு மட்டும் விதிவிலக்கு எழுதப்பட்டது: அங்கே மறுப்புரிமை செல்லாது.

ஆனாலும் ஒப்பந்தம் வேண்டும் என்று சட்டம் கேட்டது. 1978-இல் வடக்கு நில மன்றத்தின் தலைவராக இருந்த கலர்ருய் யுனுபிங்கு கையெழுத்திட்டார். மரப்பட்டை மனு அனுப்பிய யோல்ங்கு சமூகத்தில் பிறந்தவர் அவர். கையெழுத்திடாமல் போனாலும் நடுவர் ஒருவரை வைத்துச் சுரங்கம் தொடங்கப்படும் என்ற நிலையில் வந்த கையெழுத்து அது. மிரார் குலத்தின் மூத்தவர் டோபி கங்காலே கடைசிவரை எதிர்த்தார். 1981-இல் ரேஞ்சரில் உற்பத்தி தொடங்கியது.

ராயல்டி வந்தது. அந்தப் பணத்தில் சங்கங்கள் இயங்கின. முதலை வடிவில் கட்டிய ஒரு விடுதிகூடச் சுரங்கத்துக்கு அருகிலுள்ள ஜாபிரு நகரில் எழுந்தது. ஆனால் 1997-இல் ககாடு வட்டாரத்தின் சமூக நிலையை ஆராய்ந்த குழு, ஏறத்தாழ இருபதாண்டு சுரங்கத்துக்குப் பிறகும் வீடு, உடல்நலம், கல்வி, வேலை எதிலும் அந்த மக்கள் தக்க முன்னேற்றம் காணவில்லை என்று கண்டது. முடிவெடுக்கும் அதிகாரம் கைவிட்டுப் போன இடத்தில் பணம் மட்டும் வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ரேஞ்சர் ஒரு நீண்ட பாடம்.

ஒரு சிறு நிபந்தனை

ஜாபிலுகாவுக்கான ஒப்பந்தம் 1982-இல் கையெழுத்தானது. 42 ஆண்டுக் குத்தகை. ரேஞ்சரில் தோற்றுக் களைத்த நிலையில், நெருக்கடியின்கீழ்ப் பெற்ற சம்மதம் அது என்பதே மிரார் தரப்பின் நிலைப்பாடு. பல ஆண்டுகள் அங்கே வேலை தொடங்கவில்லை. 1996-இல் ஆட்சி மாறி யுரேனியக் கொள்கை தளர்ந்ததும், குத்தகையை விலைக்கு வாங்கியிருந்த, ரேஞ்சரை நடத்திய எனர்ஜி ரிசோர்சஸ் நிறுவனமே ஜாபிலுகாவையும் திறக்கத் தயாரானது.

அப்போது மிரார் மக்களின் மூத்த உரிமையாளர் டோபி கங்காலேயின் மகள் இவோன் மார்கருலா. அவரும், குஞ்சேய்மி என்ற மிரார் அமைப்பை நடத்திய ஜாக்கி கட்டோனாவும் எடுத்த வழி கவனிக்கத்தக்கது. அவர்கள் ஒரே கதவைத் தட்டிக்கொண்டு நிற்கவில்லை. 1998-இல் சுரங்க வாயிலில் எட்டு மாதம் முற்றுகை நடந்தது. நாடெங்கிலுமிருந்து சுமார் 5,000 பேர் வந்துபோனார்கள். 500-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அத்துமீறி நுழைந்ததாக மார்கருலாவே கைதானார். நுழைந்தது தன் தந்தையின் நிலத்துக்குள். உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டிருந்த ககாடு ஆபத்தில் இருக்கிறது என்று அவர்கள் யுனெஸ்கோவிடம் முறையிட்டார்கள். அங்கிருந்து ஒரு குழு நேரில் வந்து பார்த்தது. 1999 ஜூலையில் பாரிஸில் இதற்கென்றே ஒரு சிறப்புக் கூட்டம் கூடியது. ஆபத்துப் பட்டியலில் ககாடு சேர்க்கப்படவில்லை. ஆனால் ஒரு சுரங்க வாயிலின் கதை உலக மேடையில் பேசப்பட்டது. அதே ஆண்டு மார்கருலா, கட்டோனா இருவருக்கும் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

இவற்றுக்கெல்லாம் அடியில், ஒப்பந்தத்துக்குள் ஒரு சிறு நிபந்தனை இருந்தது. ஜாபிலுகாவில் தோண்டும் தாதுவை ரேஞ்சரில் ஏற்கெனவே இருக்கும் ஆலைக்குக் கொண்டுபோய் அரைத்தால்தான் நிறுவனத்துக்குச் செலவு கட்டுப்படியாகும். அதற்கு நிலத்துக்கு உரியவர்களின் சம்மதம் தேவை. மிரார் மக்கள் தரவில்லை. ஜாபிலுகாவிலேயே புதிய ஆலை கட்டுவதென்றால் பெருஞ்செலவு. யுரேனியத்தின் விலையோ அப்போது மிகத் தாழ்ந்திருந்தது. முற்றுகை நாட்டின் கவனத்தைத் திருப்பியது, யுனெஸ்கோ உலகின் கவனத்தைத் திருப்பியது. நிறுவனத்தின் கணக்கைத் திருப்பியதில் இந்த நிபந்தனைக்குப் பெரிய பங்கு உண்டு. சுரங்கத்தை மறுக்கும் உரிமை 1982-இல் கைநழுவிப் போயிருந்தது. தாதுவை நகர்த்துவதை மறுக்கும் உரிமை எஞ்சியிருந்தது. அந்த ஒற்றை ‘வேண்டாம்’ போதுமானதாக இருந்தது.

2000-இல் எனர்ஜி ரிசோர்சஸின் தாய் நிறுவனத்தை ரியோ டின்டோ வாங்கியது. 2003-இல், தோண்டிய சுரங்கப் பாதைக்குள் வெளியே குவித்திருந்த பாறையைத் திரும்பக் கொட்டி மூடினார்கள். 2005-இல் முன்பு சொன்ன உறுதிமொழி எழுதப்பட்டது.

கெடு யாருக்குத் துணை

இனி பில்பராவுக்கு வருவோம். அங்கே செல்லுபடியாவது 1993-ஆம் ஆண்டுச் சட்டம். அது வேலை செய்யும் விதம் தெரியாமல் ஜூகனில் நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது.

மாநில அரசு ஒரு சுரங்கக் குத்தகையை வழங்க எண்ணினால் அறிவிப்பு வெளியிட வேண்டும். அன்று முதல் கெடு ஓடத் தொடங்குகிறது. அரசும் நிறுவனமும் பூர்வகுடிகளும் நல்லெண்ணத்தோடு பேச வேண்டும் என்கிறது சட்டம். ஆறு மாதம் கடந்தும் முடிவு எட்டவில்லை என்றால் எந்தத் தரப்பும் தேசியப் பூர்வீக உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். குத்தகை தரலாமா கூடாதா என்று தீர்ப்பாயம் முடிவு செய்யும்.

பார்ப்பதற்கு நடுநிலையான ஏற்பாடு. நடைமுறையில் தராசு ஒரு பக்கம் சாய்கிறது. தீர்ப்பாயம் குத்தகை கூடாது என்று சொன்ன வழக்குகள் மிக அரிது. சட்டம் வந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2009-இல்தான் முதல் முறையாக அப்படி ஒரு முடிவு வந்தது: மேற்குப் பாலைவனத்து மார்ட்டு மக்களுக்குப் புனிதமான ஓர் உப்பு ஏரியில் பொட்டாஷ் எடுக்கும் திட்டத்தில். இதைவிட முக்கியமான இன்னொரு விதி இருக்கிறது. தீர்ப்பாயம் தானே நிபந்தனை விதிக்கும்போது, சுரங்கத்தின் லாபத்தையோ வருவாயையோ உற்பத்தியையோ அடிப்படையாகக் கொண்ட எந்தத் தொகையையும் பூர்வகுடிகளுக்குத் தரச் சொல்லக் கூடாது. அதாவது ராயல்டி வேண்டுமானால் அதை ஆறு மாதத்துக்குள் மேசையில் பேசி வாங்கிக்கொள்ள வேண்டும். கெடு தாண்டினால் சுரங்கமும் வரும், ராயல்டியும் வராது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த மேசையை நினைத்துப் பாருங்கள். ஒருபுறம் காத்திருந்தால் நஷ்டமில்லாத நிறுவனம். மறுபுறம் காத்திருக்கக் காத்திருக்கக் கையிலிருப்பதும் போய்விடும் மக்கள். வழக்கறிஞருக்கும் மானிடவியல் ஆய்வாளருக்கும் கூட்டம் கூட்டவும் ஆகும் செலவைப் பல இடங்களில் எதிர்த்தரப்பான நிறுவனமே தருகிறது. தர மறுத்தால் அதுவும் இல்லை. கனிமம் அரசுக்குச் சொந்தம் என்பதால், மண்ணுக்கடியில் இருப்பதில் தமக்கும் பங்குண்டு என்று அவர்கள் வாதாட முடியாது. 2002-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மூடிவிட்டது. நல்லெண்ணத்தோடு பேச வேண்டும் என்ற நிபந்தனையும் 2009-இல் பலமிழந்தது. பில்பராவில் எழுந்த ஒரு வழக்கில், பேச்சு இன்ன கட்டம்வரை முன்னேறியிருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை என்று கூட்டாட்சி நீதிமன்றத்தின் முழு அமர்வு சொன்னது.

அதே பில்பராவில் யின்ஜிபார்ந்தி மக்கள் இந்தச் சூழ்நிலையிலும் கையெழுத்திட மறுத்துப் பார்த்தார்கள். ஃபோர்டெஸ்க்யூ நிறுவனம் முன்வைத்த தொகை நிலத்தின் மதிப்புக்கு ஈடாகாது என்பது அவர்கள் வாதம். பேச்சு முறிந்தது. தீர்ப்பாயம் குத்தகைகளுக்கு வழிவிட்டது. சாலமன் பகுதியில் இரும்புச் சுரங்கம் ஒப்பந்தம் இல்லாமலே எழுந்தது. உள்ளூரில் ஒரு பகுதியினர் நிறுவனத்தோடு உடன்பட விரும்பித் தனி அமைப்பாகப் பிரிந்தார்கள். ரோபோர்ன் என்ற சிற்றூரில் உறவுகள் இரண்டுபட்டன. 2017-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த நிலத்தின்மேல் யின்ஜிபார்ந்தி மக்களுக்கு முழு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தபோது சுரங்கம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவர்கள் சுமார் 180 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கேட்டு வழக்கு நடத்தினார்கள். முதலில் மண் போனது. உரிமை பின்னால் வந்தது.

யின்ஜிபார்ந்தி அனுபவம் மற்றவர்களுக்குச் சொன்ன செய்தி தெளிவானது. மறுத்தாலும் சுரங்கம் வரும். அப்படியானால் கிடைப்பதை வாங்கிக்கொண்டு கையெழுத்திடுவதுதானே விவேகம்?

ஜூகனில் நடந்தது

2011-இல் பூட்டு குந்தி குர்ராமா, பினிகுரா மக்கள் செய்த ஒப்பந்தத்தை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். பணமும் வேலையும் சில இடங்களுக்குப் பாதுகாப்பும் அவர்களுக்குக் கிடைத்தன. பதிலுக்கு, நிறுவனம் அரசிடம் கேட்கும் அனுமதிகளுக்கு அவர்கள் தடை சொல்லக் கூடாது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் 1972-ஆம் ஆண்டு மரபுச் சின்னச் சட்டத்தில் பதினெட்டாம் பிரிவு என்று ஒன்று உண்டு. புனித இடத்தைச் சேதப்படுத்த வேண்டியிருந்தால் நிலத்தைக் கையில் வைத்திருப்பவர் அதன்கீழ் அமைச்சரிடம் அனுமதி கேட்கலாம். அனுமதி மறுக்கப்பட்டால் நிறுவனம் மேல்முறையீடு செய்யலாம். அனுமதி தரப்பட்டால் பூர்வகுடிகள் மேல்முறையீடு செய்ய வழியில்லை. ஜூகனுக்கான அனுமதி 2013 டிசம்பரில் கிடைத்தது.

மறு ஆண்டு, அழியப்போகும் இடத்திலிருந்து இயன்றதை மீட்கும் அகழாய்வு நடந்தது. ஆயிரக்கணக்கான தொல்பொருள்கள் கிடைத்தன. 28,000 ஆண்டுப் பழமையான, கங்காரு எலும்பில் கூராக்கிய ஒரு கருவி. சுமார் 4,000 ஆண்டுக்கு முன் மனிதத் தலைமுடியால் பின்னிய ஓர் இடைக்கச்சைத் துண்டு. அந்த முடியின் மரபணு இன்று வாழும் அதே மக்களோடு ஒத்துப்போனது. தங்கள் பாட்டன் பூட்டன்களின் தலைமுடி அது என்று அவர்கள் சொன்னால் அது உவமையில்லை. ஆய்வகம் உறுதிசெய்த செய்தி. ஆனால் புதிய தகவல் வந்துவிட்டது என்பதற்காகப் பழைய அனுமதியைத் திரும்பிப் பார்க்கச் சட்டத்தில் இடமில்லை.

பிற்பாடு நாடாளுமன்ற விசாரணையில் வெளிவந்த ஒரு விவரம் மனத்தை விட்டு அகல மறுக்கிறது. அந்தச் சுரங்கத்தை விரிவாக்க நிறுவனத்திடம் நான்கு திட்டங்கள் இருந்தன. மூன்று திட்டங்களில் குகைகள் தப்பியிருக்கும். நான்காவதில் கூடுதலாகச் சுமார் 80 லட்சம் டன் தாது கிடைக்கும். மதிப்பு ஏறத்தாழ 13.5 கோடி ஆஸ்திரேலிய டாலர். நிலத்துக்கு உரியவர்களிடம் மற்ற மூன்றைப் பற்றிச் சொல்லவில்லை. 2020 மே மாதம், ஜூலையில் வரும் விழாவுக்காகக் குகைக்குப் போய்வர அவர்கள் அனுமதி கேட்டபோதுதான், பாறையில் துளையிட்டு வெடிமருந்து நிரப்பத் தொடங்கிவிட்டார்கள் என்பது தெரியவந்தது. அடுத்த ஒன்பது நாளும் அவர்கள் தடுக்க முயன்றார்கள். ஒப்பந்தத்தில் பொதுவெளியில் குரலெழுப்புவதைக் கட்டுப்படுத்தும் விதிகள் இருந்தன. அவை குறுக்கே நின்றன.

உலகமே கொதித்தது. பங்குதாரர்களான ஓய்வூதிய நிதியங்கள் நெருக்கின. ரியோ டின்டோவின் தலைமை நிர்வாகியும் இன்னும் இரண்டு உயர் அதிகாரிகளும் பதவி விலக நேர்ந்தது. மேற்கு ஆஸ்திரேலிய அரசு புதிய மரபுச் சின்னச் சட்டம் இயற்றியது. 2023 ஜூலை 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. நிலவுடைமையாளர்களின் எதிர்ப்பால் ஐந்தே வாரத்தில் அதைக் கைவிடுவதாக அரசு அறிவித்து 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கே, சில திருத்தங்களோடு, திரும்பியது. 2025 ஜூனில் அந்த மக்களும் ரியோ டின்டோவும் ஒரு புதிய ஒப்பந்தம் செய்தார்கள்: தங்கள் நிலத்தில் சுரங்கத் திட்டம் உருவாகும் தொடக்கத்திலேயே அவர்களும் உட்கார்ந்து முடிவெடுப்பார்கள். 2011-இல் கிடைத்திருக்க வேண்டிய இடம் அது. அதைப் பெற்றுத்தர 46,000 ஆண்டுக் குகை தூளாக வேண்டியிருந்தது.

சம்மதிப்பதும் உரிமைதான்

இதுவரை சொன்னதை வைத்து, பூர்வகுடிகள் எல்லாரும் சுரங்கத்தை எதிர்ப்பவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. பூர்வகுடி அறிஞர் மார்சியா லாங்டன் 2012-இல் ஆற்றிய வானொலிச் சொற்பொழிவுகளில், சுரங்க ஒப்பந்தங்கள் பூர்வகுடிகளுக்கு வேலையும் தொழிலும் தந்து ஓர் அமைதியான மாற்றத்தைக் கொண்டுவந்திருக்கின்றன என்று வாதிட்டார். வறுமையில் இருப்பவர்களைக் காட்டின் காவலர்களாக மட்டுமே பார்ப்பது அவர்களின் விருப்பத்தை மறுப்பதாகும் என்ற அவருடைய கவலை நியாயமானது. லாரி ஓட்டும் வேலையும் பிள்ளையின் படிப்புச் செலவும் எளிதாகத் தள்ளிவிடக்கூடியவை அல்ல.

ஆனால் ஒப்பந்தம் என்ற சொல் ஒன்றாக இருந்தாலும் உள்ளடக்கம் ஒன்றாக இல்லை. கிரிஃபித் பல்கலைக்கழகப் பேராசிரியர் கியாரன் ஓ'ஃபேர்ஹெல்லி, பொதுவாகப் பூட்டிய பெட்டியிலேயே கிடக்கும் 45 ஒப்பந்தங்களை ஆஸ்திரேலியா முழுவதிலுமிருந்து திரட்டி ஆராய்ந்தார். சிலவற்றில் சுற்றுச்சூழலைக் கண்காணிக்கவும் முடிவுகளில் பங்கேற்கவும் மக்களுக்கு மெய்யான அதிகாரம் இருந்தது. வேறு சிலவற்றில், ஒப்பந்தமே செய்யாமல் இருந்திருந்தால் நாட்டின் பொதுச் சட்டம் தந்திருக்கும் உரிமைகளைக்கூட அவர்கள் எழுதிக்கொடுத்திருந்தார்கள். ஒரே நாடு, ஒரே காலம். வேறுபாட்டை உண்டாக்கியவை இரண்டு என்று அந்த ஆய்விலிருந்து தெரிகிறது: சட்டம் தரும் பேரம்பேசும் பலம், அந்த மக்களுக்குப் பின்னால் வட்டார அளவில் வலுவான அமைப்பு இருக்கிறதா என்பது. தனியாக நின்ற சிறு சமூகம் மோசமான காகிதத்தில் கையெழுத்திட்டது. பல சமூகங்கள் சேர்ந்து நின்ற இடத்தில் நிறுவனம் ஒன்றைவிட்டு இன்னொன்றுக்குத் தாவ முடியவில்லை; ஒவ்வோர் ஒப்பந்தமும் அடுத்ததற்கு அடிமட்டம் ஆனது.

மறுக்க முடிந்தவர் சம்மதிக்கும்போது அந்தச் சம்மதத்துக்கு மதிப்பு இருக்கிறது. வட பிரதேசத்தில் மறுப்புரிமை உள்ள நில மன்றங்கள் கனிமத் தேடலுக்குப் பல முறை சம்மதம் தந்திருக்கின்றன. தங்கள் நிபந்தனையோடு தந்திருக்கின்றன. மறுப்புரிமை கொடுத்தால் தொழிலே முடங்கிவிடும் என்ற அச்சத்தை அந்த அனுபவம் மெய்ப்பிக்கவில்லை.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் எடுக்கும் திட்டம் வந்தபோது, அங்கு வாழும் டோங்ரியா கோந்த் மக்களுக்கு ஆஸ்திரேலியப் பாணி மேசை கிடைக்கவில்லை. 2013 ஏப்ரல் 18 அன்று நம் உச்ச நீதிமன்றம், 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி கிராம சபைகளைக் கேட்க வேண்டும் என்றது. மலைச்சரிவில் இருந்த 12 கிராம சபைகள் கூடின. ராயகடா, களஹாண்டி மாவட்டங்களில் மாவட்ட நீதிபதியின் மேற்பார்வையில், மக்கள் தங்கள் மொழியில் எழுந்து பேசினார்கள். பன்னிரண்டும் மறுத்தன. 2014 ஜனவரியில் மத்திய அரசு திட்டத்துக்கு அனுமதி மறுத்தது. அந்தக் கூட்டங்களில் நிலத்தின் விலை பேசப்படவில்லை. மலை தங்கள் தெய்வமான நியமராஜாவின் இருப்பிடம் என்றார்கள் அவர்கள். அவர்களின் பதிலைக் கருத்தில் கொண்டே முடிவெடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அந்தச் சொற்களுக்கு எடை இருந்தது. அதே சொற்களை ஜூகனில் சொன்னவர்களும் இருந்தார்கள்.

பொறுப்பு என்றொரு சொல்

2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் அணு உலை விபத்து நேர்ந்தது. அடுத்த மாதம் இவோன் மார்கருலா ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கி மூனுக்கு ஒரு கடிதம் எழுதினார். தங்கள் நிலத்திலிருந்து, தாங்கள் வேண்டாம் என்று சொல்லியும் தோண்டி எடுத்த யுரேனியம் அந்த உலைகளில் இருந்திருக்கலாம் என்பது தங்களைத் துயரப்படுத்துகிறது என்று அதில் சொன்னார். ஆஸ்திரேலிய யுரேனியம் அங்கே இருந்தது உண்மைதான் என்று அந்த ஆண்டின் பிற்பகுதியில் அரசு அதிகாரி ஒருவர் உறுதிப்படுத்தினார்.

நிலவுரிமை என்றால் நமக்குப் பட்டா, எல்லைக்கல், விலை. மிரார் மக்களுக்கு அதோடு வேறொன்றும் சேர்ந்திருக்கிறது: அந்த மண்ணிலிருந்து போன பொருள் எங்கோ எவரையோ வருத்தினால் அதற்கும் தாங்கள் பொறுப்பு என்ற உணர்வு. சுரங்கப் பேச்சுவார்த்தையின் மேசையில் ராயல்டி விகிதத்துக்கு ஒரு பத்தி இருக்கும், வேலைவாய்ப்புக்கு ஒரு பத்தி இருக்கும். இந்தப் பொறுப்பை எழுத அங்கே பத்தி கிடையாது. ‘வேண்டாம்’ என்ற சொல்லின் வழியாக மட்டுமே அது மேசைக்கு வந்துசேர முடியும். அதனால்தான் அந்தச் சொல்லைப் பறிப்பது பேரத்தின் ஒரு துருப்பைப் பறிப்பதோடு நின்றுவிடுவதில்லை. நிலத்தோடு அந்த மக்களுக்குள்ள உறவையே பேச்சிலிருந்து வெளியேற்றிவிடுகிறது.

ஜாபிலுகாக் குத்தகை 2024 ஆகஸ்டில் முடிவுக்கு வரவிருந்தது. அதைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று ஜூலையில் வட பிரதேச அரசு முடிவெடுத்தது; அந்த நிலத்தை ககாடு பூங்காவோடு சேர்க்கப் போவதாக மத்திய அரசு அறிவித்தது. ரேஞ்சரிலும் வேலை ஓய்ந்து, மண்ணைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் நீண்ட பணி நடக்கிறது. ஜாபிரு நகரம் 2021-இல் மிரார் மக்களிடம் திரும்பி வந்தது. ஜாபிலுகாக் குத்தகை நிலத்துக்குள் மஜெட்பெபே என்றொரு பாறைக்குகை இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மனிதர் வாழ்ந்ததற்கு இதுவரை கிடைத்த மிகப் பழைய சான்று அங்கேதான் கிடைத்தது. சுமார் 65,000 ஆண்டுப் பழமை என்று 2017-இல் ஆய்வாளர்கள் கணித்தார்கள். மிரார் மக்களின் அனுமதியோடு, அவர்கள் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்ற உடன்பாட்டோடு நடந்த அகழாய்வு அது.

அந்தக் குகை இன்றும் நிற்கிறது. ஜூகன் குகைகள் இல்லை. சுரங்க நிறுவனம் ஒன்று ஒரு பழங்குடிச் சமூகத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டதாக இனி எங்கே செய்தி வந்தாலும், எத்தனை கோடி, எத்தனை வேலை என்று பார்க்கும் முன் ஒன்றைத் தேடிப் பார்க்கலாம்: அந்த மக்கள் மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?